கேள்வி–பதில்: அமோனியா, கோபுரம், கிணற்றுத் தண்ணீர்

இந்த இதழுக்கு வாழைச்சேனை முதல் அக்கரைப்பற்று வரை வந்த கடிதங்கள் ஒரே விடயத்தைச் சுற்றியே சேர்ந்துவிட்டன. பக்கிங் (தண்ணீரையும் வாயுவையும் நன்றாகத் தொடவைக்கப் போடும் சிறு துண்டுகள்) நிரப்பிய கோபுரத்தில் மேலிருந்து தண்ணீரை விட்டு, கீழிருந்து ஏறும் வாயுவைக் கரைத்தெடுப்பது எப்படி என்பதே அது. முதற் கேள்விக்குப் போட்ட கணக்கின் எண்களையே மற்றப் பதில்களிலும் பாவித்திருக்கிறோம். ஆகவே வரிசையாக வாசிப்பது நல்லது.

கேள்வி: எங்கள் ஐஸ் ஆலையில் கம்ப்ரசர் திறக்கும்போதும் எண்ணெய் வடிக்கும்போதும் வெளிவரும் அமோனியாவை ஒரு மூடி வைத்து உறிஞ்சி, கூரைக்கு மேலே விடுகிறோம். அயலவர்கள் முறைப்பாடு செய்கிறார்கள். விசிறி மணிக்கு 500 கனமீற்றர் இழுக்கும். அமோனியா 2 சதவீதம் வரை வரும். பி.வி.சி. குழாயில் கோபுரம் கட்டலாமா? எவ்வளவு உயரம், எவ்வளவு தண்ணீர் வேண்டும்?
— வாழைச்சேனை

பதில்: கட்டலாம். ஆனால் திருத்த வேலை நேரத்துக் கசிவுக்கு மட்டுமே இது போதும். பாதுகாப்பு வால்வு திறந்தாலோ குழாய் வெடித்தாலோ வரும் அமோனியா பல மடங்கு கூடியது. அதற்கு இந்தக் கோபுரத்தை நம்பியிருக்க வேண்டாம்.

30 பாகை செல்சியஸில் ஒரு கிலோமூல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கொண்டு பொருளை அளக்கும் அலகு) வாயு 24.9 கனமீற்றர் இடம் பிடிக்கும். அப்படியானால் உங்கள் 500 கனமீற்றர் மணிக்கு 20.1 கிலோமூல். அதில் அமோனியா 0.40 கிலோமூல், நிறையில் 6.8 கிலோ. 98 சதவீதத்தைப் பிடிப்பதை இலக்காக வைத்தால் மணிக்கு 6.7 கிலோ தண்ணீருக்குள் போகவேண்டும், வெளிவாயுவில் 0.04 சதவீதம் மிஞ்சும்.

அடுத்து சமநிலை. பலர் சறுக்கும் இடம் இதுதான். ஐதான கரைசலில், வாயுவிலுள்ள அமோனியாவின் மூல் பின்னத்தை (மொத்த மூல்களில் அமோனியாவின் பங்கை) அதோடு சமநிலையில் உள்ள தண்ணீரின் மூல் பின்னத்தால் வகுத்தால் 20 பாகையில் ஏறத்தாழ 0.76 வரும். பாடநூல் உதாரணங்கள் பெரும்பாலும் இந்த எண்ணையே எடுக்கின்றன. நம் கிணற்றுத் தண்ணீர் 28 முதல் 30 பாகை. 30 பாகையில் அதே விகிதம் 1.2. அதாவது அதே வேலைக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் தண்ணீர் வேண்டும். குளிர்நாட்டில் வரைந்த கோபுரத்தின் படத்தைப் பார்த்து மட்டக்களப்பில் கட்டினால் அது ஏன் சொன்ன அளவுக்கு வேலை செய்வதில்லை என்பதற்கு முதற் காரணம் இதுவே.

1.2 என்று வைத்துப் பார்த்தால், கொள்கையளவில் ஆகக் குறைந்த தண்ணீர் மணிக்கு 425 லீற்றர். அந்த அளவில் ஓட்டவேண்டுமானால் கோபுரம் முடிவில்லாத உயரமாக இருக்கவேண்டும். வழக்கமாக அதை ஒன்றரை மடங்காக்குவார்கள், 640 லீற்றர் வரும். நாங்கள் 800 சொல்வோம். அமோனியா கரையும்போது வெப்பத்தை வெளிவிடும், ஒரு மூலுக்கு ஏறத்தாழ 34 கிலோஜூல். 800 லீற்றர் தண்ணீர் அந்த வெப்பத்தை வாங்கி 4 பாகை சூடேறும், அடியில் 34 பாகையாகிவிடும். அங்கே விகிதம் 1.2 அல்ல, 1.45 அளவு. ஆகவே முழுக் கோபுரத்துக்கும் 1.45 என்று கடுமையாக வைத்தே கணக்குப் போடுங்கள்.

விட்டத்தில் இரண்டு எதிரெதிரான தேவைகள் இருக்கின்றன. குழாய் ஒடுங்கினால் வாயுவின் வேகம் கூடித் தண்ணீரை இறங்கவிடாமல் தாங்கிப் பிடிக்கும், கோபுரம் மூழ்கிப்போகும். அகன்றால் தண்ணீர் பக்கிங்கை முழுதாக நனைக்காது, உலர்ந்த பக்கிங் அமோனியாவைப் பிடிக்காது. 315 மி.மீ. வெளிவிட்டமுள்ள பி.வி.சி. குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 300 மி.மீ. அதில் வாயு வேகம் செக்கனுக்கு 1.96 மீற்றர். 25 மி.மீ. பிளாஸ்டிக் பால் ரிங் (சுவரில் துளைகள் உள்ள பக்கிங் வளையம்) போட்டால் இந்தத் தண்ணீர் அளவுக்கு மூழ்கும் வேகம் 2.5 மீற்றர் அளவில் இருக்கும். நாம் அதன் 78 சதவீதத்தில் நிற்கிறோம். இது மேல் எல்லைதான். பின்னொரு நாள் விசிறியை 600 கனமீற்றருக்குக் கூட்டினால் மூழ்குவது கிட்டத்தட்ட நிச்சயம். அப்படியென்றால் 400 மி.மீ. எடுக்கலாமே என்று தோன்றும். அதில் ஒரு சதுர மீற்றர் குறுக்குப் பரப்புக்கு மணிக்கு 6.4 கனமீற்றர் தண்ணீரே விழும், நனைவு போதாது. 300இல் 11.3 விழுகிறது. அதுவும் தாராளம் என்று சொல்லமுடியாது, ஆனால் பரவல்தட்டு (மேலே தண்ணீரைச் சமமாகப் பரப்பும் துளைத் தட்டு) சரியாக இருந்தால் போதும்.

உயரம்: 1.45 என்ற விகிதத்தில் இந்த வேலைக்கு 8.4 மாற்ற அலகுகள் வேண்டும் (விளக்கம் அடுத்த பதிலில்). 25 மி.மீ. பால் ரிங்கில் அமோனியா–தண்ணீருக்கு ஓர் அலகு அரை மீற்றர் என்று எடுத்தால் 4.2 மீற்றர். அந்த அரை மீற்றர் என்பதே நனைவைப் பொறுத்து ஏறியிறங்கும் எண். எனவே 5 மீற்றர் பக்கிங் போடுங்கள். அதை ஒரே படுக்கையாக அல்ல, இரண்டரை மீற்றராக இரண்டு படுக்கை. தண்ணீர் இறங்க இறங்கச் சுவரோரம் ஒதுங்கும் குணமுள்ளது. நடுவில் ஒரு மறுபரவல் தட்டு வைத்து அதைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அடியில் வாயு நுழைவு, மேலே பரவல்தட்டு, துளிபிடி வலை எல்லாம் சேர்த்து மொத்த உயரம் ஏறத்தாழ 7 மீற்றர்.

அமுக்க வீழ்ச்சி ஒரு மீற்றர் பக்கிங்குக்கு 45 மி.மீ. நீர்மட்டம், ஐந்துக்கு 225. வலைக்கும் குழாய்க்கும் 50 சேர்த்தால் 275 மி.மீ. இப்போதுள்ள கூரைவிசிறி இந்த அமுக்கத்தைத் தராது. ஒன்றரைக் குதிரைவலு மோட்டர் உள்ள மையவிலக்குப் புளோவர் தேவை. அதைக் கோபுரத்துக்குப் பின்னால், வெளிவாயுப் பக்கம் வையுங்கள். அப்போது முழுத் தொகுதியும் உள்ளிழுப்பில் இருக்கும். எங்காவது பொருத்து விட்டாலும் வளி உள்ளே போகுமே தவிர அமோனியா வெளியே வராது.

தண்ணீர் வெளியேறும் குழாயில் 400 மி.மீ. ஆழத்துக்குக் குறையாத வளைவு முத்திரை (தண்ணீர் நின்று வாயுவை அடைக்கும் குழாய் வளைவு) வையுங்கள். அது இல்லாவிட்டால் விசிறி மூடியிலிருந்து வாயுவை இழுக்காமல் வடிகால் வழியே வெளிவளியை இழுத்துக்கொள்ளும். தாங்கும் சட்டத்தை வெறுங் கோபுரத்தின் நிறைக்குப் போடாதீர்கள். மூழ்கினால் உள்ளே ஏறத்தாழ அரைத் தொன் தண்ணீர் நிற்கும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட கரை இது. 7 மீற்றர் பிளாஸ்டிக் குழாயை உருக்குச் சட்டத்துக்குள் மூன்று மட்டத்தில் பட்டி போட்டுப் பிடிக்கவேண்டும். வெயில் படும் பக்கத்துக்கு வெள்ளைப் பூச்சு.

ஓட்டும்போது தண்ணீர் முதலில், விசிறி பிறகு. நிறுத்தும்போது அமோனியா வேலை முடிந்து பத்து நிமிடம் கழித்தே தண்ணீரை நிறுத்துங்கள்.

கேள்வி: தட்டுக் கோபுரத்தில் தட்டுகளை எண்ணுகிறோம். பக்கிங் கோபுரத்தில் “மாற்ற அலகு” என்கிறார்கள். அது உண்மையில் எதை எண்ணுகிறது? கையால் கணிக்கும் சூத்திரம் உண்டா?
— தொழினுட்பவியல் மாணவி, அம்பாறை

பதில்: வேலை எவ்வளவு கடினம் என்பதை அது எண்ணுகிறது. ஒரு துண்டு உயரத்தில் வாயுவின் செறிவு எவ்வளவு குறைகிறதோ, அது அந்தத் துண்டில் இருக்கும் சராசரி உந்தலுக்குச் சமமானால் அது ஓர் அலகு. உந்தல் என்பது வாயுவிலுள்ள செறிவுக்கும், அங்கே இறங்கும் தண்ணீரோடு சமநிலையில் இருக்கக்கூடிய செறிவுக்கும் உள்ள வித்தியாசம். அலகின் எண்ணிக்கை இரசாயனத்தையும் இலக்கையும் பொறுத்தது. ஓர் அலகின் உயரம் பக்கிங்கையும் ஓட்டத்தையும் பொறுத்தது. இரண்டையும் பெருக்கினால் பக்கிங் உயரம்.

ஐதான வாயு, சுத்தமான தண்ணீர், நேர்கோட்டுச் சமநிலை என்றால் கையாலேயே கணிக்கலாம். முதலில் உரிவு எண்: சமநிலை விகிதத்தை வாயுவின் கிலோமூலால் பெருக்கி, தண்ணீரின் கிலோமூலால் வகுக்க வேண்டும். முந்தைய கணக்கில் தண்ணீர் 800 லீற்றர் என்றால் 44.4 கிலோமூல். 1.45ஐ 20.1ஆல் பெருக்கி 44.4ஆல் வகுத்தால் 0.656. ஒன்றிலிருந்து இதைக் கழித்தால் 0.344. உள்வரும் செறிவை வெளிச்செறிவால் வகுத்தது 50. இந்த 50ஐ 0.344ஆல் பெருக்கி 0.656ஐக் கூட்டினால் 17.86. அதன் இயற்கை மடக்கை 2.88. இதை 0.344ஆல் வகுக்க 8.4 வரும்.

இப்போது ஒன்றைச் செய்து பாருங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கூரைமேல் கறுப்புத் தாங்கியில் நிற்கும் தண்ணீர் நண்பகலில் 35 பாகைக்குப் போகும். அதைக் கோபுரத்துக்கு விட்டால் அடியில் 39, விகிதம் 1.8 அளவு. உரிவு எண் 0.815ஆகி, தேவையான அலகு 12.5க்கு ஏறும். உங்களிடம் இருப்பது பத்து அலகுக்கான 5 மீற்றர்தான். எனவே பிடிப்பு 98இலிருந்து 97க்குக் கீழே விழும். ஒரு சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். வெளியே போகும் அமோனியா 400இலிருந்து ஏறத்தாழ 670க்கு உயர்கிறது (மில்லியனில் பங்கு). அயலவர் மூக்குக்குத் தெரிவது இந்த எண்தான். பரீட்சையில் கேட்காவிட்டாலும் தண்ணீரைத் தாங்கியிலிருந்து எடுக்காமல் கிணற்றிலிருந்து நேராக எடுக்கச் சொல்லி எழுதுங்கள்.

உரிவு எண் ஒன்றைத் தாண்டினால் எவ்வளவு உயரம் கட்டினாலும் இலக்கை எட்டமுடியாது. அதுதான் “உயரத்தைக் கூட்டினால் சரி வரும்” என்ற பேச்சின் எல்லை.

கேள்வி: பால் ரிங் இறக்குமதிச் சாமான், விலை கூட. கூழாங்கல், உடைந்த ஓடு, இல்லாவிட்டால் பி.வி.சி. குழாயை வெட்டிப் போடலாமா?
— செங்கலடி

பதில்: கூழாங்கல்லும் ஓட்டுத் துண்டும் வேண்டாம். கல் நிரப்பினால் வாயு போக மிஞ்சும் வெற்றிடம் 40 சதவீதம் அளவுதான். 25 மி.மீ. பிளாஸ்டிக் பால் ரிங்கில் 90 சதவீதம். அதோடு கல்லின் பாரத்துக்கு அடித்தட்டே வளையும்.

குழாய் வெட்டிப் போடுவது நடக்கும் வேலை. 25 மி.மீ. வயறிங் குழாயை 25 மி.மீ. நீளத்தில் வெட்டினால் அது பழைய ரஷிக் ரிங்தான் (துளையில்லாச் சுவருள்ள உருளைத் துண்டு). ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழ 50,000 துண்டு போகும். உங்கள் கோபுரத்தின் 5 மீற்றர் பக்கிங் 0.35 கனமீற்றர், எனவே 17,500 துண்டு, 440 மீற்றர் குழாய். நான்கு மீற்றர்க் கணக்கில் 110 குழாய். வெட்டுக்கூலியையும் சேர்த்த பிறகு விலையை ஒப்பிடுங்கள். பல வேளை இலாபம் நினைத்த அளவுக்கு இருக்காது.

விலை ஒத்துவந்தாலும் அதே 300 மி.மீ. கோபுரத்துக்குள் போடக்கூடாது. வாயு ஓட்டத்துக்குப் பக்கிங் எவ்வளவு தடை என்பதைக் காட்டும் காரணி பால் ரிங்குக்கு 170, அதே அளவான பீங்கான் ரஷிக் ரிங்குக்கு 525 (இரண்டும் ஒரு மீற்றர்க் கணக்கில்). மூழ்கும் வேகம் இந்தக் காரணியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். ஆகவே 2.5 மீற்றர் 1.4க்கு இறங்கும். நீங்களோ 1.96இல் ஓட்டப் பார்க்கிறீர்கள். குழாய்த் துண்டின் சுவர் பீங்கானைவிட மெல்லியது என்பதால் சற்றுத் தளர்வு கிடைக்கும், ஆனால் அதை நம்பி விட்டத்தைக் குறைக்காமல் 400 மி.மீ.க்குப் போங்கள். அங்கே நனைவு குறைகிறது என்று முன்பு சொன்னோம், எனவே தண்ணீரையும் கூட்டவேண்டும். மலிவான பக்கிங் கடைசியில் பெரிய குழாயையும் பெரிய பம்பையும் கேட்கிறது.

எதைப் போட்டாலும் மேலே ஓர் அமுக்குக் கம்பிவலை கட்டாயம். பொலிப்புரொப்பிலீன் பிளாஸ்டிக் மிதக்கும். ஒருமுறை மூழ்கினால் துண்டுகள் பரவல்தட்டுக்கு மேலே ஏறி நிற்கும். புதுப் பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நுரை ஒரு துளியும் மிஞ்சாமல் அலசுங்கள். நுரை இருந்தால் கணக்கில் மூழ்காத கோபுரமும் மூழ்கும்.

கேள்வி: மணிக்கு 800 லீற்றர் நல்ல தண்ணீரை விடுவது மனசுக்கு ஒப்பவில்லை. ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஒன்றை வைத்து அதே தண்ணீரைச் சுற்ற விட்டால் என்ன? வடியும் தண்ணீரை வாவிக்கு விடலாமா?
— களுவாஞ்சிகுடி

பதில்: வெறும் தண்ணீரைச் சுற்ற விட்டால் கோபுரம் மூன்று நிமிடத்துக்குத்தான் கோபுரம். வெளிவாயு 0.04 சதவீதத்தில் நிற்க, மேலே விழும் தண்ணீரில் ஆகக் கூடியது 0.03 சதவீத அமோனியா இருக்கலாம், ஆயிரம் லீற்றருக்கு 315 கிராம். மணிக்கு 6.7 கிலோ கரைகிறதென்றால் அந்த 315 கிராம் மூன்று நிமிடத்துக்குள் சேர்ந்துவிடும். ஒரு மணி நேரம் ஓடினால் தண்ணீர் 0.67 சதவீதக் கரைசலாகி, வெளிவாயு 0.85 சதவீதத்துக்குக் கீழே இறங்க மறுக்கும். சுற்றும் தண்ணீர் பம்பின் சூட்டையும் வாங்கிக்கொள்ளும் என்பதை இங்கே சேர்க்கவே இல்லை.

சுற்ற விடத்தான் வேண்டும் என்றால் சல்பூரிக்கமிலம் சேருங்கள். அமிலம் அமோனியாவை உடனே உப்பாக்கிவிடுவதால் தண்ணீருக்கு மேலே அமோனியாவின் சமநிலைச் செறிவு பூச்சியம் என்றே கொள்ளலாம். தேவையான அலகு 8.4இலிருந்து 3.9க்கு இறங்கும். அதே 5 மீற்றர்க் கோபுரம் அப்போது மில்லியனில் 25 பங்கு வரை குறைக்கும். வெறும் தண்ணீரில் அந்த அளவுக்குப் போக 16 அலகு, 8 மீற்றர் பக்கிங் வேண்டும். 25 பங்கு என்பது எட்டு மணி நேர வேலைக்கான வழக்கமான வெளிப்பாட்டு எல்லை. 300 பங்கு உயிருக்கு உடனடி ஆபத்து என்று எடுக்கப்படும் அளவு. வெறும் தண்ணீரில் கிடைக்கும் 400 பங்கை ஆள் நிற்கும் மட்டத்தில் விடக்கூடாது என்பது இதிலேயே தெரியும். அயலில் வீடுகள் நெருங்கியிருந்தால் நாங்கள் அமிலத்தையே தெரிவுசெய்வோம்.

அமிலக் கணக்கு: ஒரு கிலோ அமோனியாவுக்கு 2.9 கிலோ தூய சல்பூரிக்கமிலம். உச்ச அளவில் மணிக்கு 19 கிலோ. தாங்கியின் பீ.எச். 3 முதல் 4க்குள் நிற்கட்டும், 5ஐத் தாண்டினால் பிடிப்பு விழத் தொடங்கும். ஊற்றும்போது எப்போதும் தண்ணீருக்குள் அமிலம், அமிலத்துக்குள் தண்ணீர் அல்ல. முகமறைப்பும் கையுறையும் இல்லாமல் தொடவே வேண்டாம். மணிக்கு 26 கிலோ வரை அமோனியம் சல்பேற்று சேரும். கரைசல் 30 சதவீதத்தைத் தாண்டுமுன் வெளியே எடுங்கள், இல்லாவிட்டால் உப்புப் படிகம் பக்கிங்கில் ஏறும். அது நைதரசன் பசளைதான். எண்ணெய் வடித்தபோது வந்த வாயு என்றால் கம்ப்ரசர் எண்ணெயும் கலந்திருக்கும், மேலே மிதப்பதை அள்ளிவிட்டுத்தான் வயலுக்கு.

வாவிக்கு விடவே கூடாது. உங்கள் 800 லீற்றரில் லீற்றருக்கு 8,400 மில்லிகிராம் அமோனியா இருக்கிறது. கரைந்த சுயாதீன அமோனியா லீற்றருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழேயே மீன் குஞ்சுகளைத் தாக்கும். வடிகாலைப் பற்றி மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்காமல் கோபுரத்துக்கு அத்திவாரம் வெட்டவேண்டாம்.

கேள்வி: கட்டி ஆறு மாதமான அமோனியாக் கோபுரம். முதலில் மணமே இல்லை, இப்போது கண் எரிகிறது. பம்பும் விசிறியும் ஓடத்தான் செய்கின்றன. எங்கேயிருந்து தேடத் தொடங்குவது?
— கல்முனை

பதில்: கழற்றுவதற்கு முன் அமுக்க வீழ்ச்சியை அளவுங்கள். பக்கிங்குக்கு அடியிலும் மேலிலும் ஒவ்வொரு துளை போட்டு, சாயம் கலந்த தண்ணீர் நிற்கும் வளைந்த கண்ணாடிப் பிளாஸ்டிக் குழாயின் இரு முனைகளையும் அவற்றில் பூட்டினால் போதும். புதுக் கோபுரத்தில் எடுத்த அளவு கையில் இருந்தால் நோய் பாதி தெரிந்துவிடும்.

வீழ்ச்சி கூடியிருந்தால் பக்கிங் அடைபடுகிறது. கரையோரத்தில் அது பெரும்பாலும் சுண்ணாம்பு. கிணற்றுத் தண்ணீரின் வன்மைக்குக் காரணமான இருகாபனேற்று, அமோனியா கரைந்து பீ.எச். உயர்ந்ததும் கல்சியம் காபனேற்றாகப் படியும். அமோனியா கூடிய அடிப்படுக்கையில்தான் முதலில் பிடிக்கும். வாயுவை நிறுத்தி, 5 சதவீத ஐதரோகுளோரிக்கமிலத்தை நுரை அடங்கும்வரை சுற்றவிட்டுக் கழுவுங்கள். இந்த வேலைக்கு ப்ளீச் பக்கமே போகவேண்டாம், அது அமோனியாவோடு சேர்ந்தால் நச்சுக் குளோரமீன் வரும். அமிலத்தில் ஓடும் கோபுரத்தில் இந்தச் சுண்ணாம்புத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

வீழ்ச்சி குறைந்திருந்தால் தண்ணீர் பக்கிங்கைத் தொடாமல் எங்கோ ஒரு வழியாக ஓடுகிறது. தாங்கு தட்டு இறங்கியிருக்கலாம், பக்கிங் அமிழ்ந்து மேலே வெறுமை விழுந்திருக்கலாம். ஆனால் பத்துக்கு எட்டு முறை பரவல்தட்டுத்தான் காரணம் என்று கை வைக்கலாம். 300 மி.மீ. கோபுரத்துக்கு 6 மி.மீ. துளை பன்னிரண்டு போட்டால், 800 லீற்றருக்குத் தட்டில் 57 மி.மீ. தண்ணீர் நிற்கும். தட்டு ஒரு பக்கம் 5 மி.மீ. சரிந்தாலும் துளைக்குத் துளை ஓட்ட வித்தியாசம் 5 சதவீதத்துக்குள். அதே தட்டில் பெரிய துளை போட்டு 10 மி.மீ. மட்டும் நிற்கவிட்டால் அதே சரிவு 29 சதவீத வித்தியாசம் காட்டும், ஒரு பக்கம் காய்ந்தே போகும். துளை அடைபடும் என்று பயந்து பெரிதாக்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அடைப்புக்குப் பரிகாரம் பம்புக்குப் பின்னால் ஒரு வடிவலை. நடுவில் ஒற்றைப் பூவாளி முனை தொங்கவிட்டிருந்தால் கழற்றி எறியுங்கள்.

வீழ்ச்சி மாறவில்லையா? தண்ணீரின் அளவையும் சூட்டையும் பாருங்கள். பம்ப் ஓடுகிறது என்பதற்காக 800 லீற்றர் ஏறுகிறது என்று அர்த்தமில்லை, ஒரு வாளியும் கடிகாரமும் உண்மையைச் சொல்லும். வடியும் தண்ணீரில் 10 மில்லிலீற்றரை எடுத்து மெதயில் ஒரேஞ்சுக் காட்டி சொட்டி, 0.5 மூலர் ஐதரோகுளோரிக்கமிலத்தால் நியமியுங்கள் (நிறம் மாறும்வரை துளித்துளியாக விட்டு, செலவான அமிலத்தை அளவிடுங்கள்). அமோனியா உச்சத்தில் வரும்போது 10 மில்லிலீற்றர் அமிலத்துக்குக் கிட்ட வந்தால் கோபுரம் தன் வேலையைச் செய்கிறது, உள்ளே வரும் அமோனியாதான் கூடியிருக்கிறது. 7 என்று நின்றால் பிடிப்பு 70 சதவீதம். பினோப்தலீன் என்ற காட்டியைப் பாவிக்க வேண்டாம், மென்காரத்துக்கு அது முடிவுப்புள்ளியைக் காட்டாது.

கேள்வி: மாட்டுச் சாணத்தில் மணிக்கு 5 கனமீற்றர் உயிர்வாயு எடுக்கிறோம். எஞ்சின் அரிக்கிறது, அழுகிய முட்டை மணம். இந்தக் கோபுரத்தால் ஐதரசன் சல்பைட்டை எடுக்கலாமா?
— வெல்லாவெளி

பதில்: எடுக்கலாம், ஆனால் உங்களுக்குக் கட்டுபடியாகாது. அமோனியாவுக்கு 1.2 என்று எடுத்த விகிதம் ஐதரசன் சல்பைட்டுக்கு 30 பாகையில் 600. உங்கள் 5 கனமீற்றர் வாயுவுக்கு மணிக்கு 2,800 லீற்றர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் வெளியே வந்ததும் அதே நச்சு வாயுவைத் திரும்பக் கக்கும். எரிசோடா (சோடியம் ஐதரொட்சைட்டு) கரைசல் போடச் சொல்வார்கள். வாயுவில் 0.2 சதவீதம் சல்பைட்டு என்றால் அதைப் பிடிக்க மணிக்கு 16 கிராம் சோடா போதும். ஆனால் கூடவே வரும் 40 சதவீதக் காபனீரொட்சைட்டு மூன்று கிலோவுக்கு மேல் தின்றுவிடும்.

வாயுச் சேமிப்பின் மேற்பகுதிக்குள் உயிர்வாயுவின் 4 சதவீத அளவு வளியை விடுங்கள், மணிக்கு 200 லீற்றர். மீன்தொட்டிக்குப் பாவிக்கும் வளிப்பம்பு போதும், பின்னோட்டத் தடை வால்வோடு. உள்ளேயுள்ள பற்றீரியா சல்பைட்டைக் கந்தகமாக்கிவிடும். 6 சதவீதத்தைத் தாண்டவேண்டாம், வாயு உற்பத்தி நின்றால் பம்பும் நிற்கவேண்டும். மெதேன் வளியில் 5 முதல் 15 சதவீதம் இருக்கும்போது வெடிக்கும் என்பதை மறக்கக்கூடாது. மிஞ்சியதற்கு எஞ்சினுக்கு முன்னால் துருப்பிடித்த இரும்புச் சீவலும் மரச்சீவலும் கலந்த ஒரு பெட்டி. அது கறுத்தபின் திறந்து உலர்த்தும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வைக்கோல் பட்டடைக்குப் பக்கத்தில் கொட்டவேண்டாம், ஈரமாக வைத்து மெல்ல ஆறவிடுங்கள்.

கேள்வி: நெல் ஆலை உமி அடுப்பின் புகைக்கு இதே கோபுரம் சரிவருமா?
— சம்மாந்துறை

பதில்: வராது. புகையில் இருப்பது பெரும்பாலும் சாம்பல் தூள். பக்கிங் கோபுரம் வாயுவைக் கரைக்கத்தான். உமிச்சாம்பல் ஈரத்தோடு சேர்ந்து பக்கிங்கைச் சேறாக்கி அடைத்துவிடும். முதலில் சைக்ளோன் (புகையைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கூம்பு), அதன்பின் தேவையென்றால் பக்கிங் இல்லாமல் தண்ணீரைத் தெளிக்கும் வெறும் தெளிகோபுரம்.

கேள்வி: அமோனியாக் கோபுரத்தின் தண்ணீர்க் குழாய்க்குக் கடையில் கிடைக்கும் பித்தளை வால்வு போடலாமா?
— அக்கரைப்பற்று

பதில்: வேண்டாம். ஈரமான அமோனியா செப்பையும் பித்தளையையும் அரிக்கும். இழுவிசையில் இருக்கும் பித்தளை வெளியே தெரியாமல் வெடிப்பு விட்டு ஒருநாள் சடாரென்று உடையும். நாகம் பூசிய குழாயும் நிலைக்காது. கோபுரத்துக்கு மேலே போகும் சுத்தத் தண்ணீர் வழியிலும்கூடப் பம்ப் நின்ற வேளையில் அமோனியா ஏறிவரும் என்பதால், வால்வு, மிதவை, பம்பின் சுழலி எல்லாமே பி.வி.சி., பொலிப்புரொப்பிலீன் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். அமிலத்தில் ஓட்டுவதானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் விட்டுவிட்டு முழுவதும் பிளாஸ்டிக்.